இரண்டு முடிச்சுப் போட்ட பை

காலையில் எழுந்ததும் நான் தண்ணீர் குடிப்பதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. ஐந்தரை மணிக்குச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினால், மதியம் காயலான் கடையில் எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. "என்ன, விரதமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. விரதம்தான், எந்தச் சாமிக்கும் இல்லாத விரதம். குடித்தால் போக வேண்டும். போவதற்கு இடம் கிடையாது. ஆம்பளைகள் சந்து முனையில் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். நாங்கள் எந்தச் சுவரைப் பார்ப்பது?

எங்கள் தொழிலில் நீர்க்கடுப்பு வராத பெண் இல்லை. ஒருமுறை தாங்க முடியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். "நல்லாத் தண்ணி குடிங்கம்மா, ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்" என்றார். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல மனிதர்தான், அவருக்கு அது தோன்றவே தோன்றாது.

ஆனால் இடையில் ஐந்து வருடம் நான் காலையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். பழைய நோட்டுக் கட்டு வந்தால் அதில் எழுதாத தாள்களைக் கிழித்து எனக்கென்று எடுத்துவைத்துக்கொள்வேன். கடைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். இதுவும் அந்தத் தாள்தான்.

திண்டுக்கல்லில் எங்களுக்குள் தெருக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை, ஆனாலும் அடுத்தவள் தெருவில் கிடக்கிற ஒரு பாட்டிலைக்கூட இன்னொருத்தி தொடமாட்டாள். நாகல் நகரில் நான்கு தெரு எனக்கும் மதினிக்கும். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி இல்லை. எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவுக்காரி. கூப்பிட்டுக் கூப்பிட்டே மதினி ஆகிவிட்டாள். மாநகராட்சியின் பேட்டரி வண்டி எட்டு மணிக்கு வந்துவிடும். அதற்குள் பாட்டில், அட்டை, தகரம், பால் கவர் எல்லாவற்றையும் நாங்கள் பிரித்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் கடைத்தெருப் பக்கம் ஒரு நடை. அப்புறம் எங்காவது நிழலில் உட்கார்ந்து தரம் பிரிப்பது. இதுதான் எங்கள் நாள்.

டீச்சர் வீடு மூன்றாவது தெருவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் சென்னையில். மகள் தினமும் பஸ் ஏறிச் சின்னாளப்பட்டிக்குப் போய் அங்கே ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வருவாள். டீச்சர் வீட்டுக் குப்பை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சோற்றுக் குப்பை தனி, காய்ந்த குப்பை தனி. பையை லேசாக ஒரே ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார், ஒரு விரலால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். உடைந்த கண்ணாடி இருந்தால் பேப்பரில் சுற்றி மேலே 'கண்ணாடி' என்று எழுதியிருப்பார். என் உள்ளங்கையில் நான்கு தையல் இருக்கிறது. நான்கும் எழுதாத வீடுகள் போட்டது.

ஒரு மழைக்காலக் காலை. அந்த வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குக் கீழே அப்படி ஒரு முட்டல். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பையை நீட்டிய டீச்சர் என் காலைப் பார்த்தார். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அப்படி நின்றதைப் பார்த்திருப்பாரோ!

"ஏம்மா, நீ நிக்கிற நிலையே சரியில்லையே. போகணுமா?"

கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சைடு கேட்டுல வா. பின்னாடி பாத்ரூம் இருக்கு."

"காலெல்லாம் சகதி டீச்சர்."

"தண்ணி இருக்குல்ல? கழுவிட்டுப் போ. முதல்ல போ."

போனேன். வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை பெய்ததால் தெரியவில்லை. மறுநாள் பையை நீட்டும்போதே சைடு கேட்டைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாரியா?" என்றார். அதற்கடுத்த நாள் கேட்கக்கூட இல்லை, கேட் திறந்து கிடந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில், வெளியே கிளம்புமுன் செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, இன்னைக்கு லீவா?" என்றார். அவ்வளவு அதிசயம் அவருக்கு.

டீச்சரைத் தேவதை என்று நான் சொல்லவில்லை. வாய் ஓயாது. தான் பாடம் நடத்திய காலத்துப் பிள்ளைகள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று பிடித்தால் விடமாட்டார். டீ கொடுப்பார், தான் குடிக்கிற டம்ளரிலேயே கொடுப்பார், ஆனால் சர்க்கரை விஷயத்தில் கை ரொம்ப இறுக்கம். "இது டீயா, கசாயமா?" என்று மதினி சந்து திரும்பியதும் முணுமுணுப்பாள். அவளும் ஒருநாள் தவறாமல் குடிப்பாள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அந்தக் கசாயத்தைக் குடித்துக்கொண்டே ஒரு பத்து நிமிடம் பேசுவோம். தண்ணீர் வந்ததா, சோற்றுக்கு வெஞ்சனம் என்ன, முட்டுவலிக்கு எந்தத் தைலம், இதுதான் பேச்சு. ஊரில் எங்களிடம் பேசுகிறவர்கள் இரண்டே வார்த்தைதான் பேசுவார்கள், 'எடுத்துக்கோ' அல்லது 'எடுக்காதே'. டீச்சர் அந்த இரண்டையும் பேசியதில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் முதல் இரண்டு தெருவையும் ஓட்டமாக முடிப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். குப்பையில் கிடக்கிற எல்லாமே குப்பை இல்லை. தவறி விழுந்தது என்று ஒன்று உண்டு. ஸ்பூன் விழும். எச்சில் தட்டை வழிக்கும்போது சேர்ந்து விழுந்துவிடும். வாரத்துக்கு நாலு ஸ்பூனாவது பார்க்காமல் இருக்க மாட்டோம். கொலுசு, சாவி, பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு இதெல்லாமும் விழும். விழுந்ததை எடுத்துக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு வந்துவிடுவோம். பெல்லை அடிக்கமாட்டோம். அடித்துக் கையில் கொடுத்தால், "வேற என்னென்ன எடுத்த?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மூன்று பொருளை மட்டும் கையில்தான் கொடுப்போம். போட்டோ, சர்டிபிகேட், ஆஸ்பத்திரி ஃபைல். ஃபைல் இல்லாமல் போனால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்?

விழுந்தது விழுந்தவருடையது. எறிந்தது எங்களுடையது. விழுந்ததா எறிந்ததா என்று எங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். விழுந்தது மேலாகக் கிடக்கும், சோற்றோடு, தோலோடு, ஒட்டிக்கொண்டு. எறிந்தது மறைந்து கிடக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி, அழுத்தி, எதற்கோ அடியில். எறிகிறவர்கள் கை வேறு மாதிரி வேலை செய்யும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வருடம் குப்பையைக் கிளறினால் யாருக்கும் வரும்.

அந்த வருடம் டீச்சர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையும் சென்னையில் வேலை. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்களாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று. "எங்க பக்கம் அப்படிக் கேட்டா, சொல்றதுக்குன்னே நாலு பேர் முன் வரிசைல வந்து உக்காந்திருப்பாக டீச்சர்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. கல்யாணப் புடவை எடுக்கிறேன் என்று டீச்சர் மூன்று தடவை மதுரைக்குப் போய்விட்டு வந்தார். மூன்று தடவையும் தனியாக. ஒரு ஜவுளிக்கடைப் பைகூட அந்த வீட்டுக் குப்பையில் வரவில்லை. அட்டைப்பெட்டி இல்லை, புடவைக்குள் வைக்கிற தாள் இல்லை. பஞ்சு வந்தது. மாத்திரை உரித்த அட்டை வந்தது. பின்கட்டுப் படியில் உட்காரும்போது இடது கையைத் தூக்காமலே டம்ளரை நீட்டினார். "கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்றார். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வீட்டுக் குப்பையைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொண்டதை அந்த வீட்டு வாசலில் பேசக் கூடாது என்பதும் எங்களுக்குள் இருக்கிற பழக்கம். பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை. நான்காவது தெரு முனையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதிய சுவர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில்தான் ஊரே கொட்டும். அங்கே மீன் செதிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை. இழுத்து இரண்டு முடிச்சு. நகத்தால் அவிழ்க்க முடியவில்லை, கிழித்தேன். உள்ளே ஒரு மாவு பாக்கெட். மூன்றாவது தெரு டீச்சர் வீட்டில் மட்டும் வாங்குகிற மாவு அது. அந்த மாவு பாக்கெட்டுக்குள், நான்காக மடித்துத் திணித்த ஆஸ்பத்திரி ஃபைல். மதுரையில் உள்ள ஒரு ஆஸ்பத்திரி. அட்டையில் தமிழில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று அச்சடித்திருந்தது. பெயரைப் படித்தேன். டீச்சர் பெயர்தான். உள்ளே ஒரு ஸ்கேன் ஃபிலிமும், இங்கிலீஷில் இரண்டு மூன்று தாளும். தேதி பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தினது.

தவறி விழுந்தது என்று நினைக்க எனக்கு வழியே இல்லை. ஒரு மனுஷி தன் வீட்டுப் பையை, தன் தெருவை விட்டு, அடுத்த தெரு முனை வரைக்கும் எடுத்து வந்து, மீன் செதிலுக்கு அடியில் செருகியிருக்கிறார். இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் தன் வீட்டு வாசலில் வைக்கவில்லை. அந்த நான்காவது தெருவும் என்னுடையது என்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

மதினியிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசித்துச் சொன்னேன். "எறிஞ்சதை எடுத்துக் குடுக்கிறது நம்ம வேலை இல்லத்தா" என்றாள். "கல்யாணம் முடியட்டும்னு மறைச்சிருக்காக. தெரிஞ்சா கல்யாணம் தள்ளிப்போகும், இல்ல நின்னே போகும். நம்மளால அது நிக்கணுமா?"

"அதுவரைக்கும் தாங்குமா மதினி?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?"

இரண்டு நாள் அந்த ஃபைல் என் வீட்டு அலமாரி மேல் இருந்தது. இரண்டு நாளும் டீச்சர் வீட்டுக்குப் போனேன், டீ குடித்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்தேன். டீச்சரிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கொடுத்தால் வாங்கிக்கொள்வார், இன்னும் தூரமாகப் போய் எறிவார். பேசாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. விட்டால், கல்யாணத்துக்கு இன்னும் நாலு வாரம், மறுவீடு அது இது என்று இன்னும் நாலு வாரம். எனக்குத் தெரிந்த ஒருத்தி இதே நோயில் இப்படித்தான் தள்ளித் தள்ளிப் போட்டாள். அவளைத் தூக்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் உயிர் பிழைக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அவர் இல்லாவிட்டால் எனக்கு யார் என்பதும் இருந்தது. அந்தச் சைடு கேட், அந்தப் படி, அந்தப் பத்து நிமிடம். எனக்கு அது வேண்டும். பெற்ற தாய் போனபோதுகூட இவ்வளவு பயந்தேனா தெரியவில்லை. அவருக்காகச் செய்தேன் என்று முழுசாகச் சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

புதன்கிழமை காலைப் பூசைக்கு டீச்சர் கோயிலுக்குப் போயிருந்த நேரம். மகள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பெல்லை அடித்தேன்.

"பாப்பா, இது தவறிக் குப்பையில விழுந்திருச்சு போல. ஆஸ்பத்திரி ஃபைலு. அம்மாவோடது."

"அம்மாவுக்கு என்ன ஃபைல்?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். அட்டையைப் பார்த்தாள். தோளில் மாட்டியிருந்த பை கீழே விழுந்தது. நான் திரும்பி நடந்துவிட்டேன். நின்று ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் டீச்சரே வாசலில் நின்றார். சைடு கேட் சாத்தியிருந்தது. கையில் பை இல்லை. உள்ளே மகன் குரல் கேட்டது. இரவோடு இரவாகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறான். மதினி தானாகவே நாலு வீடு தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"நாலு வாரம்" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. "நாலே நாலு வாரம்தான் எனக்கு வேணும்னு இருந்தேன். அவ கழுத்துல தாலி ஏறுனதும் நானே சொல்லியிருப்பேன்."

நான் சாக்கின் வாயைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"முடிச்சுப் போட்டிருந்தேனே. ரெண்டு முடிச்சு. நீ பாக்கலையா?"

பார்த்தேன் டீச்சர், எறிந்தது என்று தெரிந்துதான் கொடுத்தேன், உங்களைப் போகவிட எனக்கு மனசில்லை, இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூன்றே வாக்கியம். ஆனால் தெரிந்து செய்தேன் என்று சொன்னால் இந்த வாசலில் இனி நிற்க முடியாது என்று அந்த ஒரு நொடியில் பட்டது. தெரியாமல் செய்தவளை மன்னிப்பார்கள். மறுநாளும் வரலாம்.

"பாக்கல டீச்சர். அவசரத்துல பாக்கல."

அவர் என்னையே பார்த்தார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இல்லை. எழுதிவிட்டு எழுதவில்லை என்று சொன்ன பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

"சரி, போயிட்டு வா" என்றார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் எப்போதும் போல ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். பெரிய கேட்டில் பூட்டுத் தொங்கியது. சைடு கேட்டிலும் ஒன்று. விடியுமுன்பே காரில் கிளம்பிவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். வாசல் தெளிக்காமல் கிடந்தது. கடைத்தெரு வேலையை விட்டுவிட்டு எதிர்ப்புறம் வேப்ப மரத்தடியில் நின்றேன். அடிவயிறு கல்லாக இறுகியது. பதினொரு மணிவரைக்கும் நின்றேன், எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமலே. மதினி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். அதற்கடுத்த நாளும். நாலாவது நாள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கிளம்பினேன்.

கல்யாணம் சென்னையில் ஒரு சாதாரண நாளில் எளிமையாக நடந்தது என்று எதிர்வீட்டு அம்மா மூலம் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், எல்லாம் தெரிந்தும் தேதியை முன்னாலேயே வைத்துக்கொண்டார்களாம். டீச்சருக்கு வைத்தியம் நடக்கிறது என்றார். எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு ஆசை. ஒருநாள் கேட்டும் விட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார் அந்த அம்மா. தப்பாகச் சொல்லவில்லை. குப்பை எடுக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

எனக்கு அந்த மனுஷியைப் பார்க்க வேண்டும் போலவே இருக்கும். மூன்று வருடம் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கால் தானாக மெதுவாகும். போன் நம்பர் கிடையாது. சென்னையில் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், கூட்டம் நெருக்கினாலும் உட்காரமாட்டார்கள். அப்போதெல்லாம் டீச்சர் ஏறிவந்து பொத்தென்று உட்கார்ந்து முட்டுவலியைப் பற்றி ஆரம்பிக்க மாட்டாரா என்று இருக்கும். அந்தச் சர்க்கரை இல்லாத டீயை நான் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். குடிக்க முடியவில்லை. வீட்டுக்காரர், "சீனி இருக்குல்ல, என்ன கருமித்தனம்?" என்றார். அவருக்கு என்னவென்று சொல்வது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மூன்றாவது தெருவில் நுழைந்தால் டீச்சர் வீட்டுப் பெரிய கேட் திறந்திருந்தது. வாசலில் ஒரு கார். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். வெளியே வந்தது மகள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவளைப் பார்த்ததுமே, அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

தலையை ஆட்டினேன்.

"அம்மா தவறிட்டாங்க. போன வருஷம். வீட்டை வாடகைக்கு விடலாம்னு சுத்தம் பண்ண வந்தோம்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். கையுறை போடாத கை, காலையிலிருந்து குப்பை கிளறிய கை. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. "உங்களைப் பாக்கணும்னு நெனைச்சுக்கிட்டே வந்தேன். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா கையை விரிச்சிருப்போம்னு டாக்டர் சொன்னாரு. உங்களாலதான் எங்களுக்கு ரெண்டு வருஷம் அம்மா கிடைச்சாங்க. இவளைத் தூக்கி வச்சுக் கொஞ்சிட்டுத்தான் போனாங்க. அந்த ஃபைல் உங்க கையில கிடைச்சது ஆண்டவர் செயல்க்கா."

குழந்தை என் சாக்கையே பார்த்தது. டீச்சரிடம் சொல்லாததை இவளிடமாவது சொல்லிவிட வேண்டும், இதையும் விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

"அன்னைக்கு நான் சொன்ன மாதிரி அது தவறி விழுந்தது இல்ல பாப்பா. உங்கம்மா எறிஞ்சது. எறிஞ்சதுன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்து குடுத்தேன். அவுக கேட்டப்போ தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். மறுநாளும் இந்த வாசலுக்கு வரணும்கிற ஆசையில சொல்லிட்டேன்."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன்.

"அது அம்மாவுக்குத் தெரியும்க்கா. 'குப்பையைப் பத்தி அவளுக்குத் தெரியாதது இருக்கா? தெரிஞ்சுதான் குடுத்தா'ன்னு அங்க போன ஒரு வாரத்துலயே சொல்லிட்டாங்க. அதைப் பத்திக் கோபமெல்லாம் இல்ல. வேற ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

"என்ன கேட்டாக?"

"நாங்க கிளம்புன அன்னைக்குக் காலைல நீங்க வந்திருப்பீங்களா, இல்ல நம்ம மேல சங்கடப்பட்டு வராமலே இருந்திருப்பீங்களான்னு. ஆஸ்பத்திரியில, கடைசி வாரம் நினைவு தப்பித் தப்பி வந்தப்பகூட, 'அவ வந்தாளா?'ன்னு கேட்டாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல."

"வந்தேன் பாப்பா" என்றேன். "அன்னைக்கும் வந்தேன், மறுநாளும் வந்தேன், அதுக்கு மறுநாளும் வந்தேன். அந்த மரத்தடியில நின்னேன். இனி கேட்டாகன்னா 'அவ வந்தா'ன்னு சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான், கேட்பதற்கு அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது.